பல்லும் சொல்லும்

குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் நம்மவர் விழாவெடுப்பர். அரிசி மாவிற் கொழுக்கட்டை அவித்து, அவற்றின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசை போற் பதித்து, குழந்தையை இருத்தி, வெள்ளைத் துணியால் அதன் தலையை மூடி, மேலே கொழுக்கட்டைகளைச் சொரிந்து, அயலார்க்கும் உறவினர்க்கும் பங்கிட்டு மகிழ்வர். பல்லுக்கொழுக்கட்டை காணாது வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அரிது. பின்னர் அந்தப் பாற்பல் விழுங்காலத்தும் ஒரு சிறு சடங்குண்டு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து அணிற்பிள்ளையிடம் புதுப்பல் வேண்டுவர். ஆனால் மனிதனுக்கு மூன்றாம் முறை பல் வருங்காலை யாரும் கொழுக்கட்டை அவிப்பதில்லை. அவன் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு திரும்புகின்றான். “நாளைக்குச் சரிவந்துவிடும்” என்று வீட்டார் கூற, மறுமொழி கூறாது மூலையிற் சென்று அமர்கின்றான்.

இம்மலரைக் கையிலெடுப்போருட் பலர் அறுபதைக் கடந்த பழைய மாணவர். பழைய மாணவர் ஒன்றுகூடல்களில், முன்னாளிலே மேடையில் நின்று முழங்கிய சொல்வல்லார் சிலர் இப்பொழுது இரண்டு வார்த்தை பேசுமாறு வேண்டப்படினும் எழாது பின்வரிசையில் இருந்துவிடுதலைக் கண்டிருக்கின்றேன். முதுமை என்றும் அடக்கம் என்றும் அதற்குக் காரணம் கற்பிப்போம். உண்மைக் காரணம் பெரும்பாலும் வாயினுள்ளே இருக்கின்றது. பல் போனாற் சொல் போச்சு என்னும் பழமொழியை அவர்கள் முழுவதும் நம்பிவிட்டனர். அப்பழமொழி பாதியளவே மெய் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியனுக்கும் பல் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என வினவுவார்க்கு விடை இரண்டு. எழுத்துக்களின் பிறப்பினைக் கற்பிப்பவன் பல்லைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது என்பது ஒன்று. மற்றையது, யான் நாற்பத்து மூன்றாம் வயதிலே மேல்வாய்ப் பற்கள் அனைத்தையும் இழந்து கட்டுப்பல் அணிந்தவன் என்பது. ஆதலின் ஈண்டுக் கூறுவனவற்றுட் சில பல் வைத்தியர்பாற் கேட்டறிந்தவை, சில வாயாலறிந்தவை.

பொய்ப்பல் என்று பலரும் வழங்கும் சொல்லை யான் விரும்புவதில்லை. மூக்குக்கண்ணாடியைப் பொய்க்கண் என்று யாரும் கூறக் கேட்டிலேம். கட்டுப்பல் என்பதே பொருத்தமான பெயர். சொல்லைப் பற்றிப் பேசுங்கால் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. நகை என்னும் சொல்லுக்குச் சிரிப்பு என்பதோடு பல் என்பதும் பொருள்; முறுவல் என்பதற்கும் அவ்விரு பொருளும் உண்டு. பல்லிழந்தவன் சிரிப்பையும் ஒளித்துக்கொள்வது ஏன் என்பதற்கு நம் முன்னோர் சொல்லளவிலேயே விடை வைத்துப் போயினர் போலும்!

பற்கள் ஏன் போகின்றன? இனிப்பாலும் அழுக்காலும் உண்டாகுஞ் சூத்தை ஒரு காரணம். வளர்ந்தோரிடத்து அதனோடு ஒப்பப் பெரிய காரணம் முரசு நோய். தமிழகத்தார் ஈறு என்பதனையே நாம் முரசு என்கின்றோம். முரசிலிருந்து இரத்தங் கசிதலைச் சிறிதென எண்ணி ஆண்டுக்கணக்காக விட்டுவிடுவோர் பலர். நோவு பெரிதில்லாமலே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சூத்தையில்லாத நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். நீரிழிவு உள்ளார்க்கு இந்நோய் விரைந்து முற்றும். முற்றிய முரசு நோயும் நீரிழிவைக் கட்டுப்படவிடாது. புகைத்தலும் இதனை வளர்க்கும். என் பற்கள் போனது நீரிழிவின் துணையோடுதான்.

இயற்கைப் பல்லுக்கும் கட்டுப்பல்லுக்கும் உள்ள வேறுபாட்டினை முதலில் தெளிந்துகொண்டால், பின்வரும் தொல்லைகளுக்கெல்லாம் காரணம் தானே விளங்கும். வளர்ந்த மனிதனுடைய முப்பத்திரண்டு பற்களும் தாடையெலும்பின் குழிகளிலே நுண்ணிய நார்களாற் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அந்நார்கள் பிணைப்பது மாத்திரமன்றி உணரவுஞ் செய்கின்றன. சோற்றிலே ஒரு மணற்பரல் இருப்பினும் கடித்த அக்கணமே அறிந்து தாடை நின்றுவிடுவது அவற்றின் உணர்ச்சியாலேயாம். கட்டுப்பல்லோ எலும்பிலே வேரூன்றியதன்று. மெல்லிய தசையின்மேல் வைக்கப்பட்டது. அத்தசை கடிக்கும் விசையைத் தாங்குதற்கென்று படைக்கப்பட்டதும் அன்று. ஆதலின் வாய் முழுவதும் கட்டுப்பல் அணிந்தவர் இயற்கைப் பல்லுள்ளவர் கடிக்கும் விசையில் நாலிலொன்று அல்லது ஐந்திலொன்று அளவே கடிக்க வல்லவர். இதனை முன்னரே அறிந்தவன் ஏமாற மாட்டான். அறியாதவன் பல் கட்டியவரைக் குறைகூறுவான்.

வேரில்லாத பல் வாயிலே நிற்பது எங்ஙனம்? ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நேரே இழுத்துப் பிரிக்க முயன்றவர் இதனை அறிவர். இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை விடாது பற்றும். அவ்வாறே அண்ணத்துக்கும் கட்டுப்பல்லின் தகட்டுக்கும் இடையே உமிழ்நீர் படலமாகப் பரவி நின்று பற்றுகின்றது. விளிம்பு சுற்றிவரத் தசையோடு பொருந்திக் காற்றுப் புகாமற் காக்கின்றது. மேல்வாய்த் தகடு அண்ணம் முழுவதையும் மூடுவதால் உறுதியாக நிற்கும். கீழ்வாய்த் தகடோ நாவுக்கு இடம் விடவேண்டியிருத்தலாற் குதிரையின் இலாடம் போன்று குறுகியது. அது பொருந்தும் பரப்பு மேல்வாயிற் பாதியளவே. போதாதென்று நா அதனை ஓயாமல் இடித்துக்கொண்டிருக்கும். மேற்பல் சில நாளிற் பழகிவிட, கீழ்ப்பல் பல கிழமை சென்றும் பழகவில்லை என்று வருந்துவோர், குறை தம்மிடத்ததன்று என்று ஆறுதல் கொள்ளலாம். உமிழ்நீர் வற்றியவர்க்கும் பிடிப்புக் குறையும். முதுமையில் உட்கொள்ளும் மருந்துகள் பல வாயை வறளச் செய்வன; பல் வைத்தியரிடம் அவற்றின் பெயரைக் கூறுதல் வேண்டும்.

இக்காலத்தார் பேறுபெற்றவர் என்பதற்குப் பழைய வரலாற்றைச் சிறிது புரட்டினாற் போதும். ஐக்கிய அமெரிக்காவின் முதற் சனாதிபதி யோர்ச் வாசிங்டன் 1789 ஆம் ஆண்டு பதவியேற்றபோது அவர் வாயில் இயற்கைப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது. அவர் மரப்பல் அணிந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும் மனிதப் பல்லும் உலோகமுங் கொண்டு செய்யப்பட்டு, மேலும் கீழும் சுருள்வில்லாற் பிணைக்கப்பட்டவை அவர் பற்கள். அவை உதட்டை வெளியே தள்ளுகின்றன என்று பல் வைத்தியருக்குக் கடிதம் எழுதி அவர் முறையிட்டார். 1815 இல் நடந்த வாட்டலூப் போருக்குப் பின், களத்தில் மாண்ட வீரரின் பற்களைப் பிடுங்கி விற்றதும் உண்டு. மரப்பல் உண்மையில் இருந்தது யப்பானிலே. 1538 இல் மறைந்த பௌத்தத் துறவுப் பெண்ணொருவர் அணிந்த மரப்பல் இன்றும் அங்குப் பேணப்படுகின்றது. அண்ணத்தின் வடிவுக்கேற்பக் கடைந்தெடுத்து, ஒட்டி நிற்கச் செய்யும் நெறியை அந்நாட்டு மரவேலைக்காரர் அக்காலத்திலேயே கண்டிருந்தனர். 1844 இலே இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்கரான சாள்சு குட்இயர் உரிமம் பெற்றார். அம்முறையின் வழிவந்த வன்மையான இறப்பரால் 1850 களின் பின்னர்த் தகடுகள் செய்யப்பட்டன. கட்டுப்பல் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டியது அப்பொழுதுதான். முரசின் நிறத்தையொத்த அக்கிரிலிக் என்னும் பொருள் வழக்குக்கு வந்தது 1930 களின் பிற்பகுதியிலே; இன்றும் பெரும்பாலும் அதுவே.

பல் கட்டுதல் ஒருநாட் கருமமன்று. பிடுங்கிய புண் ஆறவேண்டும், அச்செடுக்கவேண்டும், தாடைகள் பொருந்தும் அளவைக் குறிக்கவேண்டும், பின்னர்ப் பற்களை மெழுகிலே பதித்து வாயில் வைத்துப் பார்ப்பர். இந்த மெழுகு நாளினைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடியை ஒருமுறை நோக்கித் தலையசைத்துவிட்டு வந்துவிடுவர். அன்றுதான் வாய் திறந்து பேசிப் பார்க்கவேண்டும்; சிரித்துப் பார்க்கவேண்டும். பல் நீண்டிருப்பினும், முன்னே துருத்தியிருப்பினும், மெழுகிலே ஒரு நிமிடத்திற் திருத்தலாம்; அக்கிரிலிக்காக மாறிய பின் அத்துணை எளிதன்று. பற்கள் முழுதும் இருந்த நாளிற் சிரித்தபடி எடுத்த புகைப்படம் ஒன்றிருந்தால் அதனையும் கொண்டு செல்க. நம் கல்லூரி மலர்களிலே துடுப்பாட்டக் குழுவினரின் படங்கள் இருக்கின்றனவே!

இனி, முதற் கிழமை. வாயினுள் அயற்பொருள் ஒன்று புகுந்தால் உடம்பு அதனை உணவென்றே கருதும். ஆதலின் உமிழ்நீர் ஊற்றெனப் பெருகும். விழுங்கிக்கொண்டே இருப்பின் சில நாளில் அது தணியும். வாய் நிறைந்தாற் போலத் தோன்றும். கன்னமும் உதடும் வீங்கினவோ என ஐயமெழும். அண்ணத்தின் பின்புறத்தே தகட்டின் விளிம்பு தொட்டுக் குமட்டல் உண்டாதலும் உண்டு. மூக்கால் மெல்ல மூச்சிழுத்தால் அது அடங்கும். அடங்காவிடின் விளிம்பு நீண்டுவிட்டது எனக் கொள்க. சிலவிடங்களில் தகடு உரசிப் புண்ணாகும். புண்ணானவிடத்துத் தாமே அரத்தாலும் பேனாக்கத்தியாலுஞ் சுரண்டுவோர் உளர்; அங்ஙனஞ் செய்தல் ஆகாது. நோவினால் பல்லைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து வைத்தியரிடஞ் சென்று “இவ்விடத்தில் நொந்தது” என்பதும் பயனில்லை, புண் ஆறியிருக்கும். செல்லுதற்கு முதல்நாள் பல்லை அணிந்திருந்தால் சிவந்த தழும்பு உரசுமிடத்தைக் காட்டிவிடும்.

என் முதற் கிழமை பத்தாந் தரத்து வகுப்பறையிலே கழிந்தது. தந்தை என்று யான் சொன்னது சந்தை என்று ஒலிக்க, பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. அன்று மாலை, இனி எழுதுகின்ற வேலையாகத் தருமாறு அதிபரைக் கேட்போமோ என்று எண்ணியதை மறைத்தற்கில்லை. ஒலியைக் கற்பிக்க வேண்டியவனுக்கு ஒலியே தவறுமாயின் அவன் என் செய்வான்? இரவு எழுத்ததிகாரத்தைப் புரட்டியபோது வேறொரு வழி தென்பட்டது. மறுநாட் கரும்பலகையில் வாயின் பக்கத்தோற்றத்தை வரைந்து, “ஆசிரியருக்கு எந்த எந்த எழுத்து வழுவுகிறது, ஏன் வழுவுகிறது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம்” என்றேன். முன்னாள் சிரித்த பிள்ளையே முதலில் எழுந்து, “தானாவும் நானாவும், சேர். நாக்குப் பல்லிலை முட்ட வேணுமெல்லோ?” என்றான். அவ்வாண்டு பிறப்பியலை யான் மீண்டும் விளக்க வேண்டிய தேவை நேரவில்லை.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழுங் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்து நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்த எழுத்துக்கள் வெவ்வேறாய்ப் பிறக்கும் என்பது ஆசிரியர் கருத்து. எட்டிடங்களுள் ஒன்றாகப் பல் எண்ணப்பட்டிருத்தலைக் காண்க. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் 1937 ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பிலே இவ்வியலுக்கு எழுதிய குறிப்புக்களைப் படித்த பழைய மாணவர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். தேர்வுக்காக மனனஞ் செய்த அப்பகுதி, கட்டுப்பல் அணிவார்க்கு வாயின் வரைபடமாகவே பயன்படுகின்றது.

மேல்வாய்ப் பல்லை அண்பல் என்பர். தகர நகரங்களுக்கு நாவின் நுனி பரந்து அண்பல்லின் அடியைப் பொருந்தவேண்டும். புதிய பல்லின் உட்புறம் பழைய பல்லினும் தடித்திருத்தலால், நா வழக்கமான இடத்துக்குப் போகுமுன்னரே முட்டிவிடுகின்றது. முட்டியதும் காற்றுச் சிந்துகின்றது. தந்தை சந்தையானது இதனாலேயாம். வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். முன்பல் அளவுக்கு மிஞ்சி நீண்டதோ குறுகியதோ என்பதை வேறெந்த எழுத்தினும் வகரமே விரைவிற் காட்டிக்கொடுக்கும். மெழுகு நாளில் “வாருங்கள், வணக்கம், விழா, வேல்” என நாலைந்து சொல் சொல்லிப் பார்த்தல் நன்று. ல, ள என்பவற்றுக்கு நாவிளிம்பு தடித்து அண்பல்லின் அடியை உறும். உயிரெழுத்துக்களுள்ளும் இ, ஈ, எ, ஏ, ஐ என்பன நாவிளிம்பு அண்பல்லைச் சார்ந்தே பிறப்பன. எனவே அவையும் முதலிற் சற்று மங்கும்.

பல்லைச் சாராத எழுத்துக்களும் தொல்லை தருவது பலருக்கு வியப்பாகும். தகடு அண்ணத்தை மூடுகின்றது என்பதை மறத்தலாகாது. அண்ணம் ஒரு காசின் தடிப்பளவு தாழ்ந்துவிட்டது எனலாம். ட, ண, ற, ன, ர, ழ என்பவற்றுக்கு நா மேலெழுந்து அண்ணத்தை ஒற்றவோ வருடவோ வேண்டும். உயர்ந்த நா, தான் எதிர்பாராத உயரத்திற் கூரையை முட்டுகின்றது. ழகரம் முதலில் யகரத்தின் பக்கஞ் சாயும். சில நாளிலே தன்னிடத்தை மீண்டுங் கண்டுகொள்ளும். வெற்றி, காற்று என்பவற்றில் றகர இரட்டிப்பை நுனிநாவால் அழுத்தமாக ஒலிக்கும் வழக்கம் ஈழத்திலே இன்றும் பேச்சிற் காக்கப்படுகின்றது. ஆதலால் தமிழகத்துக் கட்டுப்பல்லாருக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்குண்டு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. யாவற்றினும் கடினமானது சகரம். சீனி, சைவம் எனச் சொல்லுங்கால் நம்மவர் வாயில் அது உரசி வரும் ஒலி. நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே ஒரு நுண்ணிய வாய்க்கால் வழியே காற்று ஓடவேண்டும். அவ்வாய்க்காலின் அளவு சிறிது மாறினாலும் சீழ்க்கை பிறக்கும். ஒரு மாதங் கடந்தும் சீழ்க்கை நீங்காவிடின் குறை நாவினதன்று, தகட்டினது. வைத்தியரிடங் காட்டித் திருத்தலாம்.

வழுவாத எழுத்துக்கள் எவை? அகரமும் ஆகாரமும் வாய் திறந்த அளவிற் பிறப்பன, அவற்றுக்கு இடையூறில்லை. ககர ஙகரங்கள் நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்தப் பிறப்பன. தகடு அவ்வளவு பின்னே செல்வதில்லை. பகர மகரங்கள் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன. பற்கள் மிக உயர்ந்து இதழ்களைப் பிரித்து வைத்தாலன்றி அவையும் பிழைப்பதில்லை. அம்மா, அப்பா, அக்கா என்னும் முறைப்பெயர்கள் பல்லில்லாத குழந்தைக்கும் பல்லிழந்த முதியவர்க்கும் ஒருங்கே எளியவாயிருத்தலின் காரணம் இதுவேயாம்.

எந்த எழுத்து எவ்விடத்தில் முட்டுகின்றது என்று அறிந்தபின் பயிற்சி எளிது. நாளும் கால்மணி நேரம் தனியறையில் உரத்தும் மெதுவாகவும் வாசிக்கவேண்டும். செய்தித்தாளாயினும் நன்றே. ஆங்கிலம் பேசுவோரை அறுபது தொடக்கம் எழுபது வரை எண்ணும்படி பணிப்பது வழக்கம். அவ்வெண்களில் அவர்தம் சகர ஒலி மிகுதி. நமக்கோ எழுபது தொடக்கம் எண்பது வரை எண்ணுதல் பொருந்தும். ழகரமும் தகர இரட்டிப்பும் அடுத்தடுத்து வந்து நாவை வேலை வாங்கும். காலையிற் பஞ்சபுராணம் ஓதும் வழக்கமுடையார் அதனினுஞ் சிறந்த பயிற்சி தேடவேண்டியதில்லை; பண்ணோடு நீட்டி ஓதுங்கால் நாவுக்கு இடமறிய நேரங் கிடைக்கின்றது. இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. நம் குரல் நமக்குக் காதின் வழியே மாத்திரமன்றித் தலையெலும்பின் வழியேயும் கேட்கின்றது. ஆதலின் புதுப்பல்லின் சலசலப்பும் சீழ்க்கையும் கேட்போர்க்கு இருப்பதினும் நமக்கே பெரிதாகத் தோன்றும். என் குரலை வீட்டிற் பதிவுசெய்து கேட்டபோதுதான் இதனை நம்பினேன். பெரும்பாலோர்க்குச் சில கிழமைகளிற் பேச்சுத் திருந்தும்.

உண்ணுதலைக் கற்றல் பேசுதலைக் கற்றலினுஞ் சிறிது நீளும். முதற் சில நாட்களுக்குக் குழைந்த சோறு, சொதியில் ஊறிய இடியப்பம், கஞ்சி, பழம் என்பன தக்கவை. பிட்டு மெதுவானதே எனினும் அதன் உதிரி தகட்டின் கீழே நுழைந்து மணல்போல் உறுத்தும், எள்ளுருண்டையும் அத்தகையது. கட்டுப்பல்லுடையார் கற்கவேண்டிய பெரிய பாடம் இருபுறமும் ஒருங்கே மெல்லுதல். இயற்கைப் பல்லுள்ளவர் ஒருபுறமே மென்று பழகியவர். கட்டுப்பல்லில் அவ்வாறு செய்தால் மறுபுறம் எழுந்துவிடும். வாயளவிற் பாதியை எடுத்து, இரண்டாகப் பிரித்து, இருகடைவாயிலும் இட்டு மெல்லுக. முன்பல்லாற் கடித்து இழுத்தலும் ஆகாது. முன்னே இழுக்கப் பின்னே தகடு கழலும். மாம்பழத்தைக் கத்தியால் அரிந்து உண்க. புழுக்கொடியலையும் பருத்தித்துறை வடையையும் சில மாதங்களுக்கு நண்பருக்குக் கொடுத்துவிடுதல் நலம். தொதல் போன்று ஒட்டும் பண்டங்களுக்கும் இவ்விதியே. தேநீரோடு பனங்கட்டியைக் கடிப்பவர் அதனைக் கரையவிட்டுச் சுவைக்கலாம். சுவை நாவிலே பெரிதும் இருத்தலால் அது போய்விடுவதில்லை, முதலில் மட்டும் மங்கினாற் போலிருக்கும்.

இரண்டிடத்தில் எச்சரிக்கை வேண்டும். மூடப்பட்ட அண்ணம் சூட்டை உணராது. தேநீர் கொதிக்கின்றது என்பதைத் தொண்டையே முதலில் அறியும். மச்சம் உண்போர்க்கு மீன்முள் மற்றொரு கேடு. அண்ணத்தில் முள் குத்தும் உணர்ச்சி இல்லாமையால் அது விழுங்கப்பட்டுத் தொண்டையிற் சிக்கும். கையால் ஆய்ந்து உண்ணும் நம் வழக்கம் இவ்விடத்தில் உயிர்காப்பது. வெற்றிலை போடும் பழக்கமுடையார் பல் கட்டிய நாளையே அதனை விடும் நாளாகக் கொள்ளலாம். வெற்றிலைப் பாக்குக் கலவை புகையிலை சேராவிடினும் புற்றுநோய் விளைப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. வாய்ப்புண் எதுவாயினும், பல்லின் உரசலால் வந்ததென்று தோன்றினும், இரண்டு கிழமையில் ஆறாவிடின் வைத்தியரிடங் காட்டியே ஆகவேண்டும். உரசல் என்று எண்ணி நாள் கடத்தி வந்தவரை வைத்தியர்கள் ஓயாது காண்கின்றனர்.

துப்புரவு பற்றிச் சுருங்கக் கூறுவேன். உண்டபின் கழற்றி நீரில் அலசுக. நாளும் மெல்லிய தூரிகையால் சவர்க்காரமிட்டுத் தேய்க்க. பற்பசை பலவற்றில் உள்ள துகள் அக்கிரிலிக்கைக் கீறிவிடும். தேய்க்குங்கால் கீழே நீர் நிறைந்த சட்டியொன்று இருக்கட்டும். சீமெந்துத் தரையில் வீழ்ந்தால் பிளந்துவிடும். கொதிநீர் அதன் வடிவைக் கெடுக்கும். இரவிற் கழற்றி நீரிலிட்டு வைக்கவேண்டும், உலரவிடலாகாது. வாய்த்தசைக்கும் ஓய்வு வேண்டும். அணிந்தபடியே உறங்குவோர்க்கு அண்ணம் சிவந்து பூஞ்சண நோய் பற்றும். அதனினுங் கொடியதொன்று உண்டு. யப்பானிலே 85 வயதும் அதற்கு மேலும் ஆகிய முதியோர் 524 பேரை மூன்றாண்டு நோக்கி 2015 இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்பல்லோடு உறங்குவோர்க்கு நியூமோனியாக் காய்ச்சல் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. பேரப்பிள்ளைகள் பல்லில்லாத முகத்தைக் காண்பரே என்று நாணி இரவிலும் கழற்றாதிருப்போர் இதனை எண்ணவேண்டும். பிள்ளைகள் ஒருநாட் சிரிப்பர். மறுநாள் அவர்களே நீர்க்கோப்பையை எடுத்துவந்து தருவர்.

பழகிவிட்டோம் என்று அமைதி கொண்ட சில ஆண்டுகளின் பின்னர்ப் பல் மீண்டும் தளரும். பல் சுருங்கவில்லை, தாடை சுருங்குகின்றது. பல்லைத் தாங்குதலே தொழிலாக இருந்த எலும்புக்குப் பல் போனபின் தொழிலில்லை; அது கரையத் தொடங்கும். முதலாண்டில் மிக விரைவாகவும் பின்னர் மெல்லவும் கரைந்துகொண்டேயிருக்கும். 1972 இல் வெளியான ஆய்வொன்று, இருபத்தைந்து ஆண்டுகாலம் நோக்கி, கீழ்த்தாடை மேற்றாடையினும் நான்கு மடங்கு கரைவதைக் காட்டிற்று. தளர்ந்த பல்லுக்குக் கடையிற் பசை வாங்கி அப்புதல் நெடுநாள் மருந்தாகாது. தகட்டின் உட்புறத்தே புதிய படை இட்டுத் தாடைக்குப் பொருந்தச் செய்யலாம். அதுவும் பயன்படாதபோது புதிதாகக் கட்டவேண்டும். சுவீடன் நாட்டுப் பிறானமார்க் 1965 இல் மனிதத் தாடையிலே தைற்றேனிய ஆணியைப் பதித்துப் பல் நிறுத்தத் தொடங்கிய முறை இன்று எங்கும் பரவியிருக்கின்றது. கீழ்த்தாடையில் இரண்டு ஆணி பதித்தாலே தகடு அசையாது நிற்கும். அதன் செலவு எல்லார்க்கும் எட்டுவதன்று.

எம்மூர்க் கோயிலிற் கந்தபுராணம் படிக்கும் பெரியவர் ஒருவர் மூன்றாண்டாக ஏட்டைத் தொடாதிருந்தார். கண் மங்கிவிட்டது என்பார். வீட்டிலே செய்தித்தாள் வாசிப்பதையும் நாம் காண்போம். வகரமும் சகரமும் சபையிற் பிழைக்குமென்ற அச்சமே காரணம் என்பது அவருடைய இளைய மகன் சொல்லித்தான் தெரிந்தது. “ஐயா, கீழ்ப்பல்லை ஒருக்காற் கொண்டுபோய்க் காட்டுவம்” என்று இருமுறை கேட்டும் இசையாதவர், மூன்றாம் முறை துணைக்கு யானும் வருவதாகக் கூறியபின் இசைந்தார். பழைய தகட்டுக்கே உட்படை இட்டனர். புதிதாக ஒன்றும் கட்டவில்லை. நாற்பது நாள் என் வீட்டுத் திண்ணையிலிருந்து மாலைதோறும் வாசித்தார். ழகரம் வழுவினால் யான் கையைத் தட்டுவேன், அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வாசிப்பார். அடுத்த ஆண்டு புராண படனத்திற் படித்தவர் அவர். பயன் சொன்னவன் யான். இடையில் ஒருமுறை மாத்திரம் நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.